கோமதி அம்மாளின் ஊஞ்சல் பாட்டு

போன வாரம் இரண்டு இளம் நர்ஸ்கள் என் வீடு தேடி வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு குறை. வயதான பெண்களிடம் புது டாக்டர்கள் "என்ன உபத்திரவம்?" என்று கேட்கிறார்களாம். எல்லாரும் "இடுப்பு வலி" என்கிறார்களாம். தைலம் கொடுத்து அனுப்பினால், அதே பெண்கள் அடுத்த மாதமும் அதே இடுப்பு வலியோடு வந்து அதே பெஞ்சில் உட்காருகிறார்களாம்.

"சேச்சி, உங்க காலத்துல இவங்களை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

"எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டோம்" என்றேன்.

"பின்னே எதைக் கேப்பீங்க?"

அதை வாயால் சொன்னால் பாதி மறந்துவிடுவார்கள் என்பதால் எழுதித் தருவதாகச் சொன்னேன். இது அதுதான்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அங்கே படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், சிரிஞ்சைக் கொதிக்க வைக்கவும், பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொள்ளவும் கற்றேன். பிறகு திருவனந்தபுரம் வந்து, பெண்கள் ஆஸ்பத்திரியில் ஏலியம்மா டாக்டரிடம் சேர்ந்தேன். வேலை கற்றது அவரிடம்தான்.

வெளி நோயாளிகள் பகுதியின் கடைசி அறை எங்களுடையது. உள்ளே ஒரு மேஜை, படுக்க ஒரு பலகைக் கட்டில், எப்போதும் சூடாக இருக்கும் வெந்நீர்ப் பாத்திரம். டாக்டர் அந்த அறைக்கு வந்ததும் செய்த முதல் மாற்றம், வாசலில் இருந்த பெஞ்சைத் தூக்கி மாமரத்தடியில் போடச் சொன்னது. அது கணவன்மார் உட்காரும் பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது கேட்காது. "மாம்பழக் காலத்தில் தலையில் விழுமே" என்று நான் சொன்னேன். "விழட்டும். ஒரு மாம்பழமாவது கிட்டுமல்லோ" என்றார்.

அவர் மலையாளி. மதராஸில் படித்தபோது கற்ற தமிழ், அதற்கு மேல் சொந்த ஊர் மலையாளம், இரண்டும் கலந்து பேசுவார்; 'வந்தது' என்பதை மலையாளப் போக்கில் 'வந்து' என்றே முடிப்பார். தொடுவதற்கு முன் கைகளை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் பெண்கள் உடம்பை இறுக்கிக்கொள்வார்கள், பிறகு எதுவும் தெரியாது என்பார். நோயாளி படுத்திருக்கும்போது எதுவும் கேட்கமாட்டார். எழுந்து சேலையைச் சரி செய்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. "படுத்துக் கிடக்குறவளுக்கு நாணம் தவிர வேற ஒண்ணும் ஓர்மை வராது, ஞானம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்வி இதுதான்: "அம்மே, முன்னே செஞ்சிட்டிருந்து இப்போ செய்யாம விட்ட ஜோலி ஏது?"

மாதவிலக்கு நின்று போன பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். வேலையைப் பற்றிச் சொல்வதில் அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்தவரின் மனைவி ஒருத்தி, நாஞ்சில் நாட்டுக்காரி, நல்ல வாய்.

"நான் ஒரு வேலையும் விடல்ல டாக்டரம்மா. தும்மலை மட்டும்தான் விட்டேன்."

"தும்மலையா?"

"ஆமா. கடையில மூட்டையைப் பிரிச்சா ஊரெல்லாம் தும்மும். நான் மட்டும் மூக்கைப் பிடிச்சிட்டு வீட்டுக்கு ஓடீருவேன். தும்மினா சேலை நனைஞ்சிரும்லா?"

சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு மருந்துண்டு" என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இன்னொருத்தி, பரணிலிருந்து ஊறுகாய் ஜாடி எடுப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பரண் உயரமாகி விட்டதாம். டாக்டர் அவளைச் சுவரோடு நிற்க வைத்து உயரத்தை அளந்தார். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை அளந்தார். வாலிபத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். வயதான பிறகு கை நீளம் குறையாது. முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுந்தால் உயரம் மட்டும் குறையும். "பரண் அங்கேதான் அம்மே. நீங்கதான் கீழே வந்து" என்றார். இளம் நர்ஸ்களே, இதற்கு ஒரு நாடா போதும். இன்றைக்கும் செய்யலாம்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு நாங்கள் அதிகம் வைத்தது ரப்பர் வளையம். உள்ளே சுருள் கம்பி, மேலே கறுப்பு ரப்பர். அமுக்கினால் நீளமாகும், விட்டால் வட்டமாகும். டாக்டர் விரலால் அளவு பார்த்துச் சொல்வார். நான் வெந்நீரில் போட்டு எடுத்து, சோப்பு தடவிக் கொடுப்பேன். வளையத்தை வைப்பதோடு வேலை முடியாது. வைத்த பிறகு அந்த அம்மாள் எழுந்து நின்று இரும வேண்டும். குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். வராந்தாவின் கோடி வரை நடந்து, படி இறங்கி ஏறி வர வேண்டும். கழிப்பறைக்குப் போய் நீர் தடையில்லாமல் போகிறதா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். வளையம் இருப்பதே தெரியவில்லை என்று அவள் சொன்னால் அளவு சரி. "கொஞ்சம் அழுத்துது, பரவால்ல" என்றால் பரவாயில்லை என்று விடக்கூடாது, எடுத்துவிட்டுச் சிறியதை வைக்க வேண்டும். நம் பெண்கள் எதற்கும் பரவாயில்லை என்று சொல்லிப் பழகியவர்கள்.

இனி கோமதி அம்மாள். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேரை மாத்திக்கோங்கோ, பாட்டை மாத்தாதேங்கோ" என்று சொன்னாள்.

யுத்தத்துக்கு முந்தைய ஆண்டுகளில் ஓர் ஆடி மாதம் வந்தாள். வலியசாலை அக்கிரகாரம். ஐம்பதைத் தாண்டிய வயது, எடுப்பான மூக்கு, கணீரென்ற குரல். கணவர் மாமரத்தடிக்குப் போனதும், வழக்கம்போல இடுப்பு வலி என்றாள். டாக்டர் தன் கேள்வியைக் கேட்டார்.

அவள் வாசல் திரை மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "பாட்டை விட்டுட்டேன்" என்றாள்.

டாக்டர் அதுவரை அந்தப் பதிலைக் கேட்டதில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

அந்தத் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் ஊஞ்சலில் ஊஞ்சல் பாட்டைத் தொடங்குவது கோமதி அம்மாள்தானாம். அவள் குரல் மேலே ஏறும்போது வாசலில் மேளக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்துவார்களாம். இப்போது குரல் ஏறினால் கீழே ஏதோ இறங்குகிறது. கூடவே நனைந்தும் போகிறது. இரண்டு கல்யாணத்தில் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள். மூன்றாவது கல்யாணத்துக்குப் போகவில்லை. பிறகு கோயிலுக்கும் போகவில்லை. சுத்தமில்லாமல் எப்படிப் பிரகாரத்தில் நிற்பது?

"தையில என் கடைக்குட்டிக்குக் கல்யாணம், டாக்டரம்மா. ஊர்ல இருக்கற பொண்ணுக்கெல்லாம் பாடிட்டு, எம் பொண்ணு ஊஞ்சல்ல உக்காரறச்சே நான் தொண்டையைப் பிடிச்சுண்டு நிப்பேனா?"

டாக்டர் பரிசோதித்தார். அறுவை செய்து தைக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நாள் கணக்கில் மல்லாந்து படுக்க வேண்டும், கனம் தூக்கக்கூடாது. கல்யாண வீட்டில் அது நடக்காது. அதனால் வளையம். அதை வைத்ததும் கோமதி அம்மாள் வராந்தாவில் நடந்து, படி ஏறி வந்து, முகமெல்லாம் மலர்ந்து, "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே!" என்றாள்.

"பாடுங்க பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

மெதுவாக ஆரம்பித்து மேலே போனாள். பாதியில் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நனையும்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "வளையம் தாங்கிப் பிடிக்கும். அடக்கிப் பிடிக்க வேண்டியது நீங்க. ஞானம், சொல்லிக் கொடு."

நீர் போகும்போது நடுவில் நிறுத்த எந்தச் சதையை இறுக்குவோமோ, அந்தச் சதையை மற்ற நேரத்தில் இறுக்கி, பிடித்து, விட வேண்டும். வயிற்றை எக்கக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது, தொடை ஆடக்கூடாது. எதிரில் நிற்கிறவளுக்கு ஒன்றும் தெரியாதிருந்தால் சரியாகச் செய்கிறாள் என்று பொருள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். வீட்டில் கடிகாரம் இருந்தாலும் பெண்கள் அதைப் பார்த்து வேலை செய்வதில்லை என்பது டாக்டருக்குத் தெரியும். "பாலை அடுப்பில வைங்க. பொங்குற வரைக்கும் செய்ங்க. இறுக்கு, விடு. இறுக்கு, விடு. காலையும் சாயங்காலமும், கேட்டோ?" என்றார்.

வளையத்தை அவளே எடுத்துக் கழுவி வைக்கவும் கற்றுக்கொடுத்தோம். அதுதான் வினையானது.

ஆவணியில் ஒரு முறை வந்தாள். தேறியிருந்தாள். கொஞ்சம் பாடிக்கூடக் காட்டினாள். புரட்டாசியில் வரவில்லை. ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், கணவர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வலது மணிக்கட்டு, கவிழ்த்துப் போட்ட முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. அவசரமாகக் கொல்லைப்புறம் போகையில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினாளாம். மயக்க மருந்து கொடுத்து எலும்பை இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டோம். தெளிந்ததும் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ எதை விட்டீங்க, அம்மே?"

"எல்லாத்தையும்."

"வளையம் எங்கே?"

"காணாமப் போயிட்டுது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் மேலே கேட்கவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னார்: "கிணத்தடியில வழுக்குறவங்க எல்லாரும் ஒடிக்கிறதில்லை, ஞானம். கீழே இறங்குதுன்னு நாணிச்சு வீட்டுக்குள்ளே இருந்து. நடை போச்சு, வெயில் போச்சு, எலும்புக்குப் பலம் போச்சு. அடக்க முடியாம ஓடி, விழுந்து. எல்லாம் ஒரே நூல்தான்." பின்னாளில் எத்தனையோ பேரிடம் அந்த நூலின் ஏதாவது ஒரு முனையை நானே பிடித்துப் பார்த்திருக்கிறேன். மறு முனை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

எலும்புக்கு மீன் எண்ணெய் எழுத முடியாது. அக்கிரகாரத்தில் அதன் மூடியைத் திறந்தாலே தெரு காலியாகிவிடும். பால், எள், கேழ்வரகுக் கஞ்சி என்று சொன்னார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். கல்யாணத்துக்கு வடாம் பிழிவீர்கள் அல்லவா, மொட்டை மாடியில் அது காயும்போதெல்லாம் காக்கை ஓட்ட வேண்டியது நீங்கள்தான், வேறு யாரையும் விடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, நடந்து நடந்து ஓட்ட வேண்டும்.

"சம்பந்தி வீட்டுக்காரா பார்த்தா, பொண்ணோட அம்மா காக்கா ஓட்டறாள்னு சொல்ல மாட்டாளா?"

"சொல்லட்டும். டாக்டர் உத்தரவுன்னு சொல்லுங்க."

புது வளையத்துக்கு மதராஸுக்கு எழுதினோம். அந்த அளவு எங்களிடம் கைவசம் இல்லை. வந்து சேரக் கார்த்திகை ஆகலாம். கட்டு இறுகாமல் இருக்கிறதா, விரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து வர என்னை வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர். கிணற்றடியையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நான் போனேன். முறைப்படி பின்கட்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். சமையலறைப் பக்கம் நான் போவதில்லை, அவர்களும் அழைப்பதில்லை. அக்காலத்து வழக்கம் அது. கோமதி அம்மாளின் விரல்கள் நல்ல நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு விசாலமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். மருமகள் ராஜம் எனக்கு மோர் தருவதற்காகக் கல்சட்டியோடு வந்தாள். அடி உருண்ட கல்சட்டி தரையில் நேராக நிற்காது, அதற்கு அடியில் பிரிமணை வேண்டும். ராஜம் ஒரு கையால் பிரிமணையைத் தரையில் போட்டு, அதன் மேல் கல்சட்டியை வைத்து, எனக்கு ஒரு டம்ளர் மோர் ஊற்றித் தந்தாள்.

வைக்கோல் பிரிமணை இல்லை. கறுப்பாக, வழவழப்பாக, கச்சிதமான வட்டமாக இருந்தது.

நான் கோமதி அம்மாளைப் பார்த்தேன். அவள் தென்னை மரத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பிரிமணையைப் பாருங்கோ நர்ஸம்மா" என்றாள் ராஜம், பெருமையாக. "மடிக்கொடிக்குப் பக்கத்துல, பித்தளைத் தட்டுல கிடந்தது. எங்க மாமனார் எங்கேருந்தோ வாங்கிண்டு வந்திருக்கார் போல. என்னமா நிக்கறது! சட்டி நகரவே நகராது."

"நானும் இதே மாதிரி வேணும்னு எங்காத்து மாமாவைச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன்" என்றாள் விசாலம். "இரும்புக் கடை, பாத்திரக் கடை ஒண்ணு பாக்கியில்லே. ரப்பர் பிரிமணையா, அப்படி ஒரு சரக்கே வந்ததில்லேன்னுட்டா. வெயில்ல அலைஞ்சதுக்கு என்னைத் திட்டித் தீர்த்துட்டார்."

விசாலத்தின் கணவர் கடை கடையாக ஏறி இறங்கி அதை வர்ணித்துக் கேட்ட காட்சி என் மனதில் வந்தது. மோர் டம்ளரை வாயிலிருந்து எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகுதான் அந்த மோர் எதன் மேல் இருந்தது என்று நினைவு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கோமதி அம்மாள் எல்லாம் புரிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மடியோடு, தீட்டுப் படாமல் சமைக்கிற நாளில் ஆஸ்பத்திரிச் சாமான் உடம்பில் இருக்கக்கூடாது என்று எடுத்துக் கழுவித் தட்டில் வைத்திருக்கிறாள். குளித்து வருவதற்குள் அது கல்சட்டிக்கு அடியில் போய்விட்டது. என்னுடையது என்று சொன்னால் என்னவென்று சொல்ல வேண்டும். அத்தனை வாரமும் தினம் இரண்டு வேளை அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, ஒன்றும் சொல்லாமல், கல்யாணம் நெருங்க நெருங்க வீட்டுக்குள்ளேயே முடங்கி, கடைசியில் கையையும் ஒடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எப்படியாவது அதை வாங்கிப் போய்விடலாம் என்று யோசித்தேன். ஆனால் அதற்குள் கோமதி அம்மாளின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்க அடக்கப் பீறிட்டது.

"ஏண்டி ராஜம்" என்றாள், மூச்சு வாங்க. "அது பிரிமணை இல்லேடி. அது என்னோடது."

பிறகு சொன்னாள். சுற்றி வளைக்காமல், ஆடி மாதத்திலிருந்து எல்லாவற்றையும், பாட்டை விட்டது வரை. விசாலம் கன்னத்தில் கை வைத்தபடி, "சிவ சிவா, இதைத்தான் அந்த மனுஷர் கடை கடையாக் கேட்டாரா!" என்று சுவரில் சாய்ந்தாள்.

ராஜம் மட்டும் சிரிக்கவில்லை. கல்சட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். "அம்மா" என்றாள் மாமியாரிடம், "இது உங்களுக்கு வயசானதாலே வந்ததா?"

"ஆமாண்டி. ஏன்?"

"எனக்கு மூணாவது பிரசவத்துக்கு அப்புறமே இருக்கு."

கோமதி அம்மாளின் சிரிப்பு நின்றது. கட்டுப் போடாத கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அசடே. ஒரே ஆத்துல இருந்துண்டு ரெண்டு பேரும் ஒளிச்சு வெச்சிருந்திருக்கோம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் வா." பிறகு என் பக்கம் திரும்பி, "நர்ஸம்மா, பால் காய்ச்சறது இனிமே ரெண்டு பேருமா" என்றாள்.

நடந்ததை டாக்டரிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் கொண்டு வந்த, புளித்த மோர் பட்ட வளையத்தை வாங்கிக் குப்பையில் போட்டார். மறுநாள் கோமதி அம்மாளோடு ராஜம் வந்தாள். அதற்கடுத்த வாரம், சும்மா துணைக்கு என்று விசாலம் வந்தாள். துணைக்கு வந்தவளிடமும் டாக்டர் தன் கேள்வியைக் கேட்டார். அவளும் எதையோ விட்டிருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் மதராஸ் பார்சல் வந்தது. மார்கழியில் மாவுக்கட்டைப் பிரித்தோம். கை சற்றுக் கோணலாகத்தான் கூடியிருந்தது, ஆனால் பலமாக இருந்தது. வெயிலில் காக்கை ஓட்டி ஓட்டி முகம் கறுத்துப் போயிருந்தாள். "நெறம் போயிட்டுது, பரவால்ல" என்றாள். அந்த ஒரு பரவாயில்லையை மட்டும் டாக்டர் ஏற்றுக்கொண்டார். பாடிக் காட்டச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். "பந்தல்ல கேளுங்கோ."

தைக் கல்யாணத்துக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது. தெருவை அடைத்துப் பந்தல். எங்களுக்கு வாசல் ஓரமாக இரண்டு நாற்காலிகள். ஊஞ்சலில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்தார்கள். எதிரே ஜமக்காளத்தில் பெண்கள் கூட்டம். முன் வரிசையில் ராஜம், விசாலம். சாலையிலிருந்து மிளகாய் வற்றல் கடை அம்மாளும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சிநேகிதமாம்.

கோமதி அம்மாள் ஊஞ்சல் சங்கிலியைக் கோணல் கையால் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினாள். முதல் அடிகளில் குரல் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. ராஜத்தின் முகம் வெளுத்தது. மூச்சை இழுத்து, ஊஞ்சல் முன்னால் வரும்போது, கோமதி அம்மாள் மேலே ஏறினாள். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரல் உச்சியில் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

அப்போது ஜமக்காளத்தைப் பார்த்தேன். ராஜம் முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விசாலம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். மிளகாய்க் கடை அம்மாள் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தி, ஏதோ கணக்குப் போடுகிறவள் போல இருந்தாள். தொடை ஆடவில்லை, வயிறு எக்கவில்லை, எதிரில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாடுகிறவளுக்காக முன் வரிசை முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தது.

உச்சியிலிருந்து குரல் ஒரு சொட்டும் சிந்தாமல் இறங்கி வந்தது. ஊஞ்சல் நின்றது. கோமதி அம்மாள் கூட்டத்துக்கு மேலாக எங்களைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது, முகம் சிரித்தது.

டாக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"பாட்டு முடிஞ்சு, ஞானம்" என்றார் மெதுவாக. "இனி நீயும் விடலாம்."

விட்டேன்.